குளியல் அப்புறம், முதலில் எடை: நாய் வளர்ப்போர் கேள்வி–பதில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், வருகிற கடிதங்களில் பாதி தெருக்குட்டிகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். மீதிப் பாதியில் உண்ணி, சொறி, புழு, அப்புறம் அக்கம்பக்கத்தாரோடு சண்டை. மருந்தின் பெயர் வரும் இடங்களில் அளவை உங்கள் கால்நடை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் மழையில் வாய்க்கால் கரையில் கத்திக்கொண்டிருந்த குட்டியை என் மகன் தூக்கிவந்துவிட்டான். ஒரு மாதம் இருக்கும் என்கிறார்கள். பசும்பால் கொடுத்தோம், தண்ணீராகப் போகிறது. உடம்பெல்லாம் சேறு, தெள்ளுப்பூச்சி. எப்போது குளிப்பாட்டலாம்? வீட்டில் நான்கு வயது நாய் ஒன்றும் இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

குளியலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குட்டியைத் தூக்கிவந்த அன்றே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. இளங்குட்டிக்கு உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குறைவு. ஏற்கெனவே நனைந்து, பட்டினி கிடந்தது, ஒரு குளியலிலேயே சுருண்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பகுதி பகுதியாகத் துடைத்து உடனே ஈரம் ஒற்றுங்கள். தெள்ளுப்பூச்சியை நெருக்கமான பேன்சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறலாம். பெரிய நாய்க்கு வாங்கிவைத்த பூச்சிப் பவுடரும் சொட்டு மருந்தும் இதற்கு ஆகாது.

தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுடுதண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். உடம்பு சூடேறும் முன் எதுவும் புகட்டக் கூடாது. குளிர்ந்த குட்டியின் வயிறு செரிக்காது, புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

வயதைப் பல் சொல்லும். பால்பற்கள் மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கும். ஈறு வெறுமையாக இருந்தால் மூன்று வாரத்துக்கு உட்பட்டது. அதற்குத் தானாகச் சிறுநீர்கூடப் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டுத்தான் போகும். நீங்கள் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாக வருடிவிட வேண்டும், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும்.

பேதிக்குப் பசும்பாலே காரணமாக இருக்கலாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு; லாக்டோஸ் குறைவு. பசும்பாலில் நேர்மாறு. செரிக்காத லாக்டோஸ் குடலில் தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சத்துதான் இன்னும் குறையும். குட்டிகளுக்கான பால்பவுடர் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் வெந்நீரில் கலந்து, ஆறி வெதுவெதுப்பானதும் 3–4 மணிக்கு ஒருமுறை கொடுங்கள். குட்டி வயிறு தரையில் பட, தலை சற்றே நிமிர்ந்தபடி குடிக்க வேண்டும். கைக்குழந்தைபோல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். நான்கு வாரம் தாண்டியதென்றால் குட்டிகளுக்கான உலர்தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சிப் பதத்தில் மசித்து, நாளுக்கு 4 வேளை.

இனி எடை. சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து, தினமும் காலையில் உணவுக்கு முன் நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். இளங்குட்டி நாளுக்கு நாள் கூடியாக வேண்டும். இரண்டு நாள் அப்படியே நின்றாலோ, ஒரே நாளில் இறங்கினாலோ, வெளியில் எவ்வளவு துள்ளினாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடற்புழு மருந்துக்கும் இந்த எடைதான் கணக்கு. பைரன்டெல் சிரப்பை இரண்டு வார வயதிலிருந்தே கொடுக்கலாம், ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் மருந்தின் செறிவு மாறும். பக்கத்து வீட்டுக் குட்டிக்கு 2 மில்லி என்பது உங்கள் குட்டிக்குப் பொருந்தாது. முதல் மருந்துக்குப் பின் மலத்தில் நூல்நூலாகப் புழு வந்தால் பதற வேண்டாம், மருந்து வேலை செய்திருக்கிறது. 2 வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். 3 மாதம்வரை இந்த இடைவெளி, 6 மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை.

வீட்டு நாயை 14 நாள் கிட்டே விடாதீர்கள். பார்வோ (வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் தொற்று) உடம்புக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் 3–7 நாளில் வெளிப்படும். சிலவற்றில் 2 வாரம் ஆகும். தட்டு, துண்டு, துடைப்பம் எல்லாம் தனித்தனி. முதலில் பெரியதைக் கவனித்துவிட்டுக் கடைசியாகக் குட்டியிடம் போங்கள். ஈறு வெளுத்திருந்தால் (தெள்ளும் கொக்கிப்புழுவும் ரத்தம் குடித்ததன் அடையாளம் அது) இந்த இதழை மூடிவைத்துவிட்டு இப்போதே கிளம்புங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு முன் ஒரு குட்டி பார்வோவில் இறந்தது. தினமும் ஃபினாயில் போட்டுத்தான் துடைக்கிறோம். வேறு குட்டி கொண்டுவரலாமா?
– வாசகர், சேலம்

ஃபினாயிலுக்குப் பார்வோ கிருமி சாகாது. சுற்றிக் கொழுப்பு உறை இல்லாத வைரஸ் அது. சோப்பு, டெட்டால், ஃபினாயில் எதற்கும் அசையாது. ஃபினாயில் ஈரத்தை நக்கும் நாய்க்கு அது விஷமும்கூட. குளோரின் பிளீச்சுக்குப் பணியும். கடையில் விற்கும் திரவ பிளீச் சுமார் 5 சதவீதம் இருக்கும். அதில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு 33 மில்லி. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மலத்துணுக்கு ஒட்டியிருந்தால் குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பிறகு பிளீச் கரைசலை ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள்; கிளம்பும் வாயு உங்கள் மூச்சை அடைக்கும்.

மண் தரையும் தோட்டமும்தான் சிக்கல். நிழலான மண்ணில் கிருமி பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும், அதை பிளீச் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. அதனால், சிமெண்ட், டைல்ஸ் தரை மட்டுமுள்ள வீடென்றால் கழுவிவிட்டுக் கொண்டுவரலாம். தோட்டமுள்ள வீடென்றால் தடுப்பூசி வரிசை முழுதாக முடிந்த குட்டியையோ, வளர்ந்த நாயையோ மட்டும் கொண்டுவாருங்கள்.

‘வரிசை முழுதாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 6–8 வாரத்தில் முதல் ஊசி, அதன்பின் 2–4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஏன் இத்தனை? சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, போடும் தடுப்பூசியையும் அது அழித்துவிடும். அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எந்தக் குட்டிக்கும் அது வற்றியிருக்கும் என்று நம்பக்கூடிய வயது 16 வாரம். ‘ஒரு ஊசி போட்டாச்சு சார்’ என்று தெருமுனையில் விற்கும் குட்டிகள் பார்வோவில் போவது இதனால்தான். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம், மறுபடி ஓராண்டில்.

உண்ணிக் காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் எழுதிக்கொடுத்தார்கள். பத்தாம் நாள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததால் நிறுத்திவிட்டோம். ஒரு மாதத்தில் மறுபடி மூக்கில் ரத்தம். மாத்திரை கொடுத்தால் வாந்தியும் எடுக்கிறது. பாலில் கரைத்துத்தான் தருகிறோம்.
– வாசகர், திருச்சி

இரண்டு தவறு நடந்திருக்கிறது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி வெள்ளணுக்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி நாய் வாலாட்டும். கிருமி அப்படியே உள்ளே இருக்கும். 28 நாள் என்று எழுதினால் 28 நாளும் கொடுத்தாக வேண்டும். மூக்கில் ரத்தம் வருவது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு சரிந்ததன் அடையாளம். உடனே ரத்தப் பரிசோதனை எடுங்கள். கூடவே, சிவப்பணுவைத் தாக்கும் பபீசியா கிருமிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் பரப்புவது இதே உண்ணிதான், ஆனால் அதற்கு மருந்து வேறு.

பால் அடுத்த தவறு. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் ஏறும் அளவு குறையும். தயிர்சாதத்தில் மறைத்துத் தருவதும் இதே கதைதான். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். சாதமும் கோழியும் முக்கால்வாசி தின்ற பிறகு, ஈரலின் ஒரு துண்டிலோ இட்லி விள்ளலிலோ மாத்திரையைப் பொதித்துக் கொடுங்கள். உடனே மீதிச் சாப்பாட்டை வையுங்கள், அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கடைவாய் ஓரமாக விடுங்கள். மாத்திரை தொண்டைக்குழியில் ஒட்டி நின்றால் அங்கேயே புண்ணாக்கிவிடும்.

இனி வீடு. நாயின் மேல் நீங்கள் பார்க்கும் உண்ணி மொத்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். இந்தப் பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்று முறை நாய்மேல் ஏறி மூன்று முறை இறங்கும். இறங்குவது எங்கே? சுவர் விரிசல், கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு, நாய் படுக்கும் சாக்குக்கு அடியில். வயிறு நிரம்பிய பெண் உண்ணி விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரவில் டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்கள்; மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைப்பதுபோல் பலன் தருவது வேறில்லை. நாய்க்கு மெல்லும் மாத்திரைகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன, மாதம் ஒன்று தருவதும் உண்டு, 12 வாரத்துக்கு ஒன்று தருவதும் உண்டு. வலிப்பு வந்த நாயென்றால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்தானால் இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எதையும் வாங்க வேண்டாம். பூனைக்கு அது எமன்.

பிடுங்கும்போது சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், ஊதுவத்திச் சூடு எல்லாம் வேண்டாம். விரல் நகத்தால் நசுக்கினால் அந்த ரத்தம் உங்கள் கைக்கு வரும்.

தெருவில் ஒரு நாய்க்கு முடியெல்லாம் கொட்டி, தோல் யானைத்தோல்போலத் தடித்துவிட்டது. பழைய என்ஜின் ஆயில் தடவினால் போய்விடும் என்று மெக்கானிக் ஒருவர் ஒரு டின் கொடுத்தார். தடவலாமா? அதைத் தொட்ட பிள்ளைகளுக்கும் அரிப்பு.
– வாசகி, மதுரை

டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொறிப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி வாழ்வது. மேலே பூசிய எண்ணெயில் சில மூச்சுமுட்டிச் செத்திருக்கலாம், அதைப் பார்த்துத்தான் இந்த வைத்தியம் ஊரெங்கும் பரவியது. ஆனால் கழிவு ஆயிலில் உலோகத்தூள் உண்டு. புண்ணான தோல் வழியாக உள்ளே போகும், நாய் நக்கும்போது வயிற்றுக்கும் போகும். மதுரை வெயிலில் உடம்பு கொதிக்கவும் செய்யும். யாராவது ஏற்கெனவே பூசியிருந்தால் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவுங்கள்.

பிள்ளைகளுக்கும் அரிப்பு என்பதால் இது சார்காப்டிக் எனப்படும் தொற்றுச் சொறியாக இருக்க வாய்ப்பு அதிகம். காதின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள் (கையுறையோடு). பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். காதோரம், முழங்கை, குதிகால் மூன்றும் முதலில் மொட்டையாகும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் திட்டுத்திட்டாக, அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால் அது டெமோடெக்ஸ் என்ற வேறு வகைச் சொறி. அது தொற்றாது, ஆனால் அரிப்பென்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டால் காட்டுத்தீபோலப் பெருகும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஐந்து நிமிடம்தான்; பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பெல்லாம் சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசிதான். மாட்டுக்கான பாட்டிலிலிருந்து கண்ணளவில் ஏற்றிய கூத்தில் நாய்கள் கண் தெரியாமல், நடக்க முடியாமல் போனதுண்டு. கோலி (Collie) என்ற மேய்ப்பு நாய் வகைகளுக்குச் சிறு அளவே ஆபத்து. இப்போது உண்ணிக்குச் சொன்ன அதே மெல்லும் மாத்திரைகள் இரண்டு வகைச் சொறிக்கும் நன்றாகக் கேட்கின்றன. தெரு நாய்க்கு இது பெரிய வசதி, பிடித்துக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. ஒரு துண்டுக் கோழிக்குள் வைத்து வீசினால் முடிந்தது. எடையை மட்டும் குத்துமதிப்பாகவாவது மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், ஒரு படம் எடுத்துப் போங்கள். பிள்ளைகளின் அரிப்பு, நாய் குணமானதும் பெரும்பாலும் தானே அடங்கும். அதற்குள் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அந்த நாய் படுத்த சாக்கை எரித்துவிடுங்கள்.

காதுக்குப் பின்னால் புழு வைத்த தெருநாய். பக்கத்தில் போனால் உறுமுகிறது. நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர்கள் சிலர், வேலூர்

காயம் சிறியதென்றால் முடியும். தலையின் உள்ளே, கண் அருகே, காதுத் துளைக்குள் என்றால் கைவைக்காமல் மீட்பு வண்டியை வரவழையுங்கள். செய்யப்போகிறவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டவர்களாக இருக்கட்டும்.

வலியிலிருக்கும் நாய் யாரையும் கடிக்கும். இரண்டு முழ நீளப் பேண்டேஜ் துணியில் தளர்வான முடிச்சுக் கண்ணி செய்து மூக்குப் பகுதியில் மாட்டி, தாடைக்குக் கீழ் ஒரு முறை குறுக்காக இழுத்து, காதுகளுக்குப் பின்னால் முடியுங்கள். கடுமையாக மூச்சிரைக்கும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது. காயத்தைச் சுற்றி முடியை வெட்டிவிட்டுப் பாருங்கள். மேலே ரூபாய் நாணயம் அளவு துளைதான் தெரியும், தோலுக்கடியில் பை மாதிரி உள்ளே போயிருக்கும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் புழுப்புண் ஸ்பிரேயைத் துளைக்குள் அடித்து 15–20 நிமிடம் விடுங்கள். மூச்சுவிட மேலே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு கரைத்து, சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். கடைசியாகப் போவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஊற்றலாம். பெட்ரோல், ஃபினாயில், நாப்தலின் உருண்டை இவை எதுவும் வேண்டாம். புழுவோடு சதையும் வெந்து போகும்.

ஒரே நாளில் தீராது. ஈ முட்டையிட்டு ஒரு நாளைக்குள் புதுப்புழு பொரித்துவிடும். குறைந்தது 5 நாள், தினமும் அதே நேரத்தில், கையில் தின்பண்டத்தோடு போக வேண்டும். புண்ணைச் சுற்றி (உள்ளே அல்ல) வேப்பெண்ணெய் தடவினால் ஈ கொஞ்சம் விலகி நிற்கும். மூன்றாம் நாள் அந்த நாயே உங்களைத் தேடி வந்து தலையைச் சாய்த்துக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

நாங்கள் சோறு வைக்கும் ஆண் நாய்க்குச் சிறுநீர் வரும் இடத்தில் சொட்டுச்சொட்டாக ரத்தம். அடிபட்டதா?
– வாசகர், கோவை

பெரும்பாலும் அடியல்ல. தோலைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் பூப்போலச் சிவந்த கட்டி தெரியும். ஆங்கிலச் சுருக்கத்தில் டி.வி.டி. (TVT) என்பார்கள், இணை சேரும்போதும் நக்கும்போதும் உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் ஒட்டி வளர்வது. மனிதருக்கு வராது. பெண் நாயில் இதே ரத்தத்தைப் பருவம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பருவ ரத்தம் 2–3 வாரத்தில் நிற்க வேண்டும். மூக்கிலும் வரும், விடாத ஒருபக்க மூக்கு ரத்தம்.

புற்று என்றதும் கைவிட வேண்டாம், இவ்வளவு நன்றாகக் குணமாகும் புற்று வேறு அரிது. வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, 4 முதல் 6 வாரம். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்த அணு எண்ணிக்கை பார்ப்பார்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகிவிடும், ஆகவே திமிறும் நாயை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். ஊசி போட்ட சில நாள் அதன் மூத்திரத்தைக் கையுறையில்லாமல் துடைக்காதீர்கள். இரண்டாம் வாரமே கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். பலரும் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் திரும்ப வரும்.

பிரியாணி எலும்பு, கோயில் பாயசம் எல்லாம் எங்கள் நாய் சாப்பிடும். ஒன்றும் ஆகவில்லையே?
– வாசகர், காரைக்குடி

இதுவரை ஆகவில்லை. வெந்த கோழி எலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். பிரியாணி வெங்காயம் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்தில் பாலைவிடப் பயப்பட வேண்டியது உலர்திராட்சைக்கு. எத்தனை தின்றால் சிறுநீரகம் பழுதாகும் என்று அளவு வகுக்க முடியாது, ஒரு கைப்பிடியில் தப்பிய நாயும் உண்டு, நாலைந்திலேயே விழுந்த நாயும் உண்டு. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்றலாம். சாக்லேட், சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் வரும் சைலிட்டால், நம் வீட்டுப் பாராசிட்டமால், புருஃபென்… இவையும் கதவுக்கு வெளியே.

எட்டு வயதுப் பெண் லாப்ரடார், கருத்தடை செய்யவில்லை. பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாடு பாதி. பின்னால் லேசான கசிவு. வெயில்தானே?
– வாசகி, ஈரோடு

இந்தக் கடிதத்துக்கு மட்டும் அச்சுக்குக் காத்திராமல் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே: பருவம் முடிந்து 2 மாதத்துக்குள், கருப்பை உள்ள நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சாப்பாட்டைக் குறைத்தால், கருப்பையில் சீழ் என்று எண்ணி அன்றே ஸ்கேன் எடுங்கள். கசிவு இருந்தால் கருப்பை வாய் திறந்திருக்கிறது. கசிவே இல்லாமல் வயிறு உப்பினால் அது இன்னும் மோசம். சீழ் வெளியேற வழியின்றி உள்ளேயே வெடிக்கலாம். ‘அதிகம்’ என்பதற்கு அளவு: ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல். 25 கிலோ நாய்க்கு 2.5 லிட்டர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளந்தால் தெரிந்துவிடும்.

தெருவிலிருந்து இரண்டு வயது நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். மூன்றாவது வாரமாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. தட்டருகே போனால் உறுமுகிறது. நேற்று கையில் பல் பட்டுக் கீறிவிட்டது. ரத்தம் ஒரு பொட்டு. ஊசி போட்ட நாய்தான். நாங்கள் ஏதோ தப்பு செய்கிறோமா?
– தம்பதியர், சென்னை

கீறலிலிருந்து தொடங்குவோம். சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவவில்லையென்றால் இப்போதாவது கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் வைக்காதீர்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகைக் காயம். தத்தெடுத்து மூன்று வாரமே ஆன நாயின் பழைய ஊசிக் கணக்கை நம்பி உட்கார்ந்திராமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் ஊசியைத் தசையில் போட்டால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து. தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28. முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படும். நாயைப் பத்து நாள் கவனிப்பது இதோடு சேர்த்துத்தான், இதற்குப் பதிலாக அல்ல.

இனி கட்டிலடி. நாய்க்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: முதலில் மிரட்சி தணியும், பிறகு வீட்டு நடைமுறை பிடிபடும், கடைசியில்தான் இது தன் வீடு என்று படும். உங்கள் நாய் இரண்டாம் படியில் நிற்கிறது, அவ்வளவுதான். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அதே அறையில், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாள் படியுங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு கோழித்துண்டை அதன் பக்கம் உருட்டிவிடுங்கள். விருந்தாளிகள் ‘எங்கே புது நாய்’ என்று குனிந்து பார்க்கும் வைபவத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

உறுமலுக்கு அடிக்கக் கூடாது. அது எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிவிட்டால் அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிக்கும். அது சாப்பிடும்போது ஆறடி தள்ளி நடந்துபோய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, ஈரலோ அவித்த முட்டையோ, எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. நீங்கள் வந்ததும் அது தலைதூக்கி எதிர்பார்க்கத் தொடங்கினால் மறுநாள் அரை அடி நெருங்கலாம். உடம்பு இறுகினால் ஓரடி பின்வாங்குங்கள். தட்டை எடுத்துப் பார்த்துச் சோதிப்பதெல்லாம் வேண்டாத வேலை.

வெளியே போகும்போது கழுத்துப்பட்டையை நம்பாதீர்கள், மிரண்ட நாய் பின்னோக்கி நெளிந்து உருவிக்கொண்டு ஓடும். மார்புப்பட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். ஒரு நாள் அது முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்த்துத் தும்மும். விளையாடக் கூப்பிடுகிறது. அன்றைக்கு ஆபீசுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் எடுக்க மறக்க வேண்டாம்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் தெருநாய்க்குச் சோறு வைக்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகி, தாம்பரம்

2023-இன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, சோறு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குசெய்வது சங்கத்தின் பொறுப்பு. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி அந்த இடம் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், ஒதுக்கிய இடங்களில் மட்டுமே உணவு, தெருவில் கண்ட இடத்தில் கூடாது என்றது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, ரேபிஸ் சந்தேகமோ மூர்க்கமோ இல்லாவிட்டால், பிடித்த இடத்திலேயே விடவும் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களுக்கு 2025 நவம்பரில் தனி உத்தரவு வந்தது. அங்கே பிடித்தவற்றைத் திரும்ப விடுவதில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது சட்டத்தோடு ஒரு பட்டியலும் கொண்டுபோங்கள்: எத்தனை நாய், எவற்றுக்குக் காது வெட்டு (கருத்தடை ஆனதன் அடையாளம்) இருக்கிறது, எவற்றுக்கு இன்னும் கருத்தடை ஆகவில்லை. தின்ற இடத்தைக் கால்மணியில் கழுவிவிடுகிறவர்களோடு யாரும் அதிகம் சண்டைக்கு வருவதில்லை.

பன்னிரண்டு வயது ராஜபாளையம். டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கி விழுகிறது. எழுப்பிவிட்டால் நடக்கிறது. இரவில் எழுந்து சுவரோரம் நிற்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

தரையிலிருந்து தொடங்குங்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்த்தட்டு, வாசல் வரை யோகா விரிப்பையோ ரப்பர் முதுகுள்ள கால்மிதியையோ இடைவெளியில்லாமல் பாதையாகப் போடுங்கள். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டுங்கள். அதுதான் டைல்ஸில் சறுக்குக்கட்டை. நகம் நடக்கும்போது ‘டக் டக்’ என்றால் நீளம் அதிகம், வாரம் ஒரு மில்லிமீட்டராகக் குறையுங்கள். தண்ணீர்த்தட்டை முழங்கை உயரத்துக்கு ஏற்றிவையுங்கள். எழுப்பும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இடுப்பைத் தாங்குங்கள், முன்னங்காலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒவ்வொரு கிலோ கூடுதல் எடையும் மூட்டில்தான் இறங்கும், முதலில் நிறுத்துப் பாருங்கள். வலி மருந்து எழுதுமுன் சிறுநீரக, ஈரல் பரிசோதனை கேளுங்கள்.

சுவரோரம் நிற்பது முதுமை மறதியாக இருக்கலாம், பார்வை மங்கியதாகவும் இருக்கலாம். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். தரைமட்டத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். படுக்கப்போகுமுன் ஒருமுறை வெளியே அழைத்துப்போய்வந்தால், நள்ளிரவு எழுச்சிகள் குறையலாம்.